சேற்றுக் குமிழி

சேலத்தில் பேருந்து ஏறி ராசிபுரம் வழியாக நாமக்கல்லுக்குச் செல்கிறவர் சன்னலோரத்தில் இடம் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டாலும், எந்த இடத்தைக் கடந்துகொண்டிருக்கிறோம் என்பதை மூக்கைக் கொண்டே ஒருவாறு சொல்லிவிடலாம். நகரத்துக்குள்ளே திருமணிமுத்தாற்றை ஒட்டி வண்டி ஊர்ந்து செல்லும்போது எழுவது, ஊரின் சாக்கடைகள் யாவும் கூடிக் கலந்து பல நாள் ஊறிய வாடை. மரவள்ளி என்னும் குச்சிக்கிழங்கை அரைத்து மாவெடுக்கும் சேகோ (ஜவ்வரிசி) ஆலை ஒன்றின் கழிவுக் குட்டைக்கு அருகில் வருவது, கஞ்சி புளித்து, புளித்ததன் மேல் மீண்டும் புளித்தது போன்ற நெடி. நாமக்கல்லை நெருங்க நெருங்க, அதிலும் முதல்நாள் மழை பெய்திருந்தால், கோழிப் பண்ணைகளின் திசையிலிருந்து வீசும் காற்று கண்ணில் நீர் வரச் செய்வது, அமோனியாவின் காரம். இம்மூன்றில் முதலாவதும் மூன்றாவதும் நைட்ரஜன் மிகுந்ததால் வந்தவை. நடுவிலுள்ளதோ நைட்ரஜன் ஏறக்குறைய இல்லாத ஒரு பண்டம் அழுகுவதால் வந்தது. இந்த வித்தியாசத்தை வாசகர் ஒரு மூலையில் முடிந்து வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்; பின்னால் தேவைப்படும்.

இவற்றோடு சேர்த்துச் சொல்லத்தக்க நாலாவது ஒன்று உண்டு. அதற்கு வாசனை அதிகமில்லை. ஏரிக்குக் கீழுள்ள நன்செயில், நடவு முடிந்து மூன்று நான்கு வாரம் தண்ணீர் நின்ற வயலில் இறங்கிக் குதிகாலைச் சேற்றில் அழுத்தினால், காலைச் சுற்றி முத்து முத்தாய்க் குமிழிகள் கிளம்பி மேலே வந்து, ஒரு கணம் நீர்ப்பரப்பில் ஒட்டிக்கொண்டு நின்று, பின் ஓசையின்றி உடையும். சிறுவயதில் களையெடுப்பவர்களின் பின்னாலேயே போய் இதைச் செய்து பார்ப்பது எங்களுக்கு ஒரு விளையாட்டு. "மண்ணு மூச்சு விடுது, தம்பி" என்பார் பெரியவர் ஒருவர். சொன்னவர் எழுத்தறியாதவர், ஆயினும் அந்த வாக்கியத்தில் திருத்த வேண்டியது அதிகமில்லை என்பதை, வெகுகாலம் கழித்து, சில ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்தபோதுதான் நான் அறிந்தேன்.

அந்த மூச்சை ஆராய்வதில் தொடங்கி, நகரத்துச் சாக்கடையை ஆராய்வதில் நடுவயதைக் கழித்து, முடிவில் மக்களின் உணவைப் பற்றிய விசாரத்தில் வந்து நின்ற ஒரு தமிழ் விஞ்ஞானியின் வாழ்க்கையை இந்த அத்தியாயத்தில் சொல்ல எண்ணுகிறேன். அவர் பெயர் வி. சுப்பிரமணியன். 1902-இல் பிறந்து 1979-இல் மறைந்தவர். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர் என்ற முறையில் அவரை அறிந்தவர் பலர். சேற்றையும் சாக்கடையையும் ஆராய்ந்தவராக அறிந்தவர் மிகச் சிலர்.

அவரிடம் போகுமுன் நைட்ரஜனுடைய சுபாவத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நாம் சுவாசிக்கும் காற்றில் 100-க்கு 78 பங்கு அது. ஆனால் இரண்டிரண்டு அணுக்களாக மும்மடங்குப் பிணைப்பில் இறுகிக் கிடப்பதால், பயிருக்கும் பிராணிக்கும் அது எட்டாப் பண்டம். ஏதோ ஒரு வழியில் மண்ணுக்குள் வந்து, புரதமாகி, உடலாகி, மலமாகவும் சருகாகவும் பிணமாகவும் மீண்டும் மண்ணில் விழும்போது, அழுகல் அதை அமோனியாவாக்குகிறது. காற்றோட்டமுள்ள இடத்தில் அமோனியா நைட்ரைட்டாகவும் நைட்ரைட் நைட்ரேட்டாகவும் மாறுகிறது. காற்றில்லாத இடத்திலோ அந்த நைட்ரேட் சிதைந்து மறுபடியும் பழைய நைட்ரஜன் வாயுவாகி ஆகாசத்துக்குத் திரும்பிவிடுகிறது. இவ்வளவும் ரசாயனம் மட்டுமே என்று வெகுகாலம் நம்பினார்கள். 1877-இல் பாரிஸில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இருவர் மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய நீண்ட குழாய் ஒன்றில் சாக்கடை நீரைச் சொட்டுச் சொட்டாக வடியவிட்டு, கீழே வந்ததைச் சோதித்துக்கொண்டே இருந்தார்கள். 20 நாள் ஒன்றும் நடக்கவில்லை. விட்ட அமோனியா அப்படியே வெளியே வந்தது. பின்பு திடீரென்று நைட்ரேட் தோன்றத் தொடங்கியது. வெறும் ரசாயனமானால் முதல் நாளே நடந்திருக்க வேண்டாமோ? குழாய்க்குள் குளோரோபாம் ஆவியைச் செலுத்தினார்கள், நைட்ரேட் நின்றுபோயிற்று. ஆவியை அகற்றிய பின்னும் மீளவில்லை. தோட்ட மண்ணைக் கழுவிய நீரில் கொஞ்சம் விட்டவுடன், சில நாட்களில் மீண்டது. மயக்க மருந்துக்கு மடிவதும் பிடி மண்ணால் பிழைப்பதும் உயிரன்றி வேறு எதுவாக இருக்க முடியும்?

அந்த உயிர்களைத் தனியே பிரித்தெடுக்க முயன்றவர்கள் பலர் தோற்றார்கள். ஏனெனில் பாக்டீரியா வளர்ப்பதற்கென்று வழக்கமாகக் கொடுக்கும் இறைச்சிச் சாறும் ஜெலட்டினும் கொடுத்துப் பார்த்தார்கள். 1890-ஐ ஒட்டி வினோகிராட்ஸ்கி என்ற ருஷ்யர்தான் அவற்றுக்கு விருந்து ஆகாது என்று கண்டுகொண்டவர். அமோனியாவும் சில தாதுஉப்புகளும் தவிர வேறொன்றும் இடாமல் வைத்தபோது அவை வளர்ந்தன. அமோனியாவை எரித்து, அந்த அனலிலேயே கரியமில வாயுவைச் சமைத்துண்டு வாழும் விரதக்காரர்கள் அவை. எதிர்வேலையைச் செய்கிறவை, அதாவது பிராணவாயு கிட்டாதபோது நைட்ரேட்டைச் சுவாசித்து நைட்ரஜனை வெளியே விடுகிறவை, அதற்கு முன்பே 1880-களில் போர்தோ நகரத்தில் கேயோன், டுப்பெட்டி என்பவர்களால் பிரிக்கப்பட்டுவிட்டன. இவை விரதக்காரர்கள் அல்லர். சர்க்கரை, மாவு, புளித்த கஞ்சி என்று எது கிடைத்தாலும் உண்பவர்கள். உணவு தீர்ந்துவிட்டால் வேலையும் நின்றுவிடும்.

இனிச் சேற்றுக் குமிழிக்கு வருவோம். அதை முதன்முதல் பிடித்து அளந்தவர்கள் நம் கொங்கு நாட்டிலேயே, கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியில் இருந்தார்கள். சென்னை மாகாணத்தின் அரசாங்க விவசாய ரசாயன நிபுணராயிருந்த டபிள்யூ. எச். ஹாரிசன் என்ற ஆங்கிலேயரும், அவருடன் பணியாற்றிய பி. ஏ. சுப்பிரமணிய ஐயரும், நீர் கட்டிய நெல்வயல் மண்ணின் வாயுக்களைப் பற்றி 1913 தொடங்கி 1916 வரை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டுரைகள் வெளியிட்டனர். குமிழியில் இருந்தவை சதுப்பு வாயு எனப்படும் மீதேன், கொஞ்சம் கரியமில வாயு, ஹைட்ரஜன், அவற்றுடன் ஏராளமான நைட்ரஜன். இந்த நைட்ரஜன் எங்கிருந்து வருகிறது என்பதற்காகவே நான்காவது கட்டுரை முழுவதையும் அவர்கள் ஒதுக்கினார்கள். அதற்கு முன்பே வேறொரு அழகான விஷயத்தையும் கண்டிருந்தார்கள்: சேற்றின் மேல்தோலில் பாசியும் பாக்டீரியாவும் சேர்ந்து மெல்லிய படலமாகப் படர்ந்திருக்கின்றன, கீழிருந்து எழும் மீதேனையும் ஹைட்ரஜனையும் அந்தப் பாக்டீரியா எரித்துக் கரியமில வாயுவாக்க, பாசி அதை வெயிலில் உண்டு பிராணவாயுவை வெளிவிட, அந்தப் பிராணவாயு நீரோடு இறங்கி நெல்லின் வேரை எட்டுகிறது என்பது அவர்கள் முடிவு. விரல் தடிப்பு மேல்தோலில் காற்றுண்டு. அதற்குக் கீழே காற்றில்லை. ஒரே வயல், ஆனால் இரண்டு உலகங்கள்.

நெல் விளையும் நாட்டிலிருந்து சென்ற இளைஞர் சுப்பிரமணியன், கோதுமை விளையும் நாட்டில், அதுவும் 1843 முதல் ஒரே வயலில் கோதுமையையே விதைத்துவரும் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு, சேற்றை ஆராய்ந்தார் என்பதை எண்ணும்போது எனக்குச் சிரிப்பும் வரும். ஒருவகைப் பெருமையும் வரும். 1927-இல் 'நீர் தேங்கிய மண்ணின் உயிர்வேதியியல்' என்ற பொருளில் அவர் எழுதிய கட்டுரைகள் வெளியாயின. செய்த காரியம் எளிமையானது: மண்ணை எடுத்து நீரில் மூழ்கவைத்து, நாட்கள் செல்லச் செல்ல அதிலுள்ள பிராணவாயு, அமோனியா, நைட்ரேட், பாக்டீரியாக்களின் எண்ணிக்கை ஆகியவற்றை அளப்பது. கரைந்திருந்த பிராணவாயு விரைவில் தீர்ந்தது. நைட்ரேட் உண்டாவது நின்றது. அமோனியா மட்டும் கூடிக்கொண்டே போயிற்று. ஆனால் அமோனியா கூடிய அளவுக்குப் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை கூடவில்லை என்பது அவரை உறுத்தியது. வேலை நடக்கிறது, வேலையாட்களைக் காணோம், இது எப்படி?

பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கும் டொலுயீன் என்ற திரவத்தை விட்டுப் பார்த்தார். அப்போதும் அமோனியா பிறந்தது. ஆகவே பாக்டீரியா உயிரோடு பெருகுவது அவசியமில்லை. அவை விட்டுச்சென்ற நொதி ஒன்று மண்ணிலேயே தங்கி, அமினோ அமிலங்களிலிருந்து அமோனியாவைப் பிரிக்கிறது என்று முடிவு கட்டினார். இந்த ஒரு பரிசோதனைக்காகவே அவரை நான் மதிக்கிறேன். கண்ட எண்களோடு ஒத்துப்போகாத ஒரு சிறு முரண்பாட்டை, 'ஏதோ கணக்குப் பிழை' என்று தள்ளிவிடாமல், அதன் காலைப் பிடித்துக்கொண்டு போனவரின் பரிசோதனை அது. நன்செய் நெல் ஏன் நைட்ரேட்டை எதிர்பாராமல் அமோனியாவிலேயே வளர்கிறது என்பதற்கும் இதிலிருந்து ஒரு வழி திறந்தது.

இங்கிலாந்திலிருந்து திரும்பி அவர் சேர்ந்த இடம், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம். அங்கே உயிர்வேதியியல் துறையின் தலைமை அவருக்கு வாய்த்தது. அந்தக் கழகத்துக்குச் சாக்கடையோடு ஏற்கெனவே ஒரு பழைய சம்பந்தம் உண்டு. கில்பர்ட் ஃபௌலர் என்பவர் மான்செஸ்டரில் கழிவுநீர் ஆராய்ச்சியில் புகழ்பெற்றவர். 1912-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் நகரத்துப் பரிசோதனை நிலையத்தில், சாக்கடை நீருக்குள் காற்றை ஊதித் தெளிவிப்பதைக் கண்டு திரும்பி, அதே வழியில் முயலும்படி ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவரிடம் சொன்னார். அவர்கள் மான்செஸ்டர் சாக்கடை நீரைப் புட்டியில் நிரப்பி, வெளிச்சம் பட்டுப் பாசி பிடிக்காதிருக்கப் பழுப்புக் காகிதத்தைச் சுற்றி, காற்றை ஊதினார்கள். அமோனியா முழுவதும் நைட்ரேட்டாக ஏறக்குறைய 5 வாரம் ஆயிற்று. இத்துடன் விட்டிருந்தால் இது ஒரு பிரயோசனமற்ற வித்தையாகவே முடிந்திருக்கும். அவர்களோ தெளிந்த நீரை மட்டும் இறுத்துவிட்டு, அடியில் படிந்த கசடைக் கொட்டாமல் அப்படியே வைத்து, அதன்மேல் புதிய சாக்கடையை ஊற்றி மீண்டும் ஊதினார்கள். நம் வீட்டுப் பெண்கள் தயிருக்கு உறை மிச்சம் வைப்பதும், இட்லி மாவுப் பாத்திரத்தைக் கழுவாமல் அடுத்த மாவைக் கரைப்பதும் இதே சூட்சுமம்தான். ஒவ்வொரு முறையும் காலம் குறைந்து, வாரங்கள் நாட்களாகி, நாட்கள் சில மணி நேரமாயின. 1914 ஏப்ரல் 3-ஆம் நாள் அவர்கள் படித்த கட்டுரையிலிருந்துதான் 'உயிர்ப்பூட்டிய கசடு' என்ற முறை உலகெங்கும் பரவிற்று. ஃபௌலர் 1916-இல் பெங்களூருக்கு வந்தார்.

பிற்காலத்தில், 1934-இல், அவர் எழுதிய நூலின் பெயரைக் கவனிக்க வேண்டும்: 'நைட்ரஜன் பாதுகாப்பின் உயிர்வேதியியலுக்கு ஓர் அறிமுகம்' என்பது அதன் பொருள். பாதுகாப்பு! சாக்கடை நீரைத் தெளிவிக்கும் கலையில் கைதேர்ந்த ஒருவர், இந்தியாவில் வாழ்ந்த பின், நைட்ரஜனை எப்படி ஒழிப்பது என்று எழுதவில்லை. எப்படிக் காப்பது என்றே எழுதினார். ரசாயன உரம் அருமையாயிருந்த நாட்டில் அது இயல்புதான். வயலில் நைட்ரேட் சிதைந்து காற்றோடு போவது குடியானவனுக்கு நஷ்டம். சாக்கடையிலும் அதுவே நஷ்டம். ஆகவே எருக்குழியும் கசடும் சேர்ந்து ஒவ்வொரு துளி நைட்ரஜனையும் மண்ணுக்குத் திருப்ப வேண்டும். சுப்பிரமணியனுடைய தலைமுறைக்கு இது ஐயத்துக்கு இடமில்லாத தர்மமாயிருந்தது. நைட்ரஜனை வேண்டுமென்றே காற்றில் விடுவதற்காகப் பணம் செலவழித்துத் தொட்டி கட்டும் காலம் வரும் என்று யாரேனும் அவர்களிடம் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்களா என்பது சந்தேகமே.

பெங்களூரில் சுப்பிரமணியனும் அவருடன் உழைத்த எஸ். சி. பிள்ளையும் கசடை உருப்பெருக்கியின் கீழ் வைத்தார்கள். நானும் ஒருமுறை அப்படி ஒரு துளியைப் பார்த்திருக்கிறேன். பழுப்புப் பஞ்சுத் துணுக்குகள் போன்ற பாக்டீரியாத் திரள்கள். அவற்றின் விளிம்பில் காம்போடு நிற்கும் மணிப்பூக்கள் போல வோர்ட்டிசெல்லா. ஒரே அடித்தண்டிலிருந்து கிளைத்துப் பூங்கொத்தாய் நிற்கும் எபிஸ்டைலிஸ். வோர்ட்டிசெல்லாவின் காம்பு, கண்ணாடியை விரலால் தட்டினால் சுருள்வில்லாகச் சுருங்கிக்கொள்ளும். எபிஸ்டைலிஸின் தண்டு அசையாது, பூ மட்டும் தலைகவிழும். ஒவ்வொரு பூவின் வாயைச் சுற்றியும் நுண்ணிய மயிரிழைகள் ஓயாமல் சுழன்று நீரில் ஒரு சுழிப்பை உண்டாக்க, தனியே நீந்தித் திரியும் பாக்டீரியாக்கள் அந்தச் சுழிப்பில் அகப்பட்டு உள்ளே போய்க்கொண்டேயிருக்கும். பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போவது தெரியாது.

இந்த ஓரணு உயிர்களே சாக்கடைச் சுத்திகரிப்பில் பிரதானமானவை என்று பிள்ளையும் சுப்பிரமணியனும் 1942-இலும் 1944-இலும் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார்கள். பாக்டீரியாவே எல்லாம் செய்கிறது என்று உலகம் ஒருமிக்கக் கருதிய காலத்தில் இது துணிச்சலான பேச்சு. சொன்னது முழுவதும் நிலைத்ததா என்றால், இல்லை. கரைந்த அழுக்கை எரிப்பதும் அமோனியாவை நைட்ரேட்டாக்குவதும் பாக்டீரியாவின் வேலையே என்பது பிற்பாடு உறுதியாயிற்று. ஆனால் 1968-இல் இங்கிலாந்தில் கர்ட்ஸ் முதலியோர் ஓரணு உயிர்களை நீக்கிய கசடு ஒன்றையும் சேர்த்த கசடு ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்த்தபோது, முன்னதிலிருந்து கலங்கல் நீரும் பின்னதிலிருந்து தெளிந்த நீருமே வந்தன. பிரதானம் என்று சொன்னது மிகை. அவசியம் என்றிருந்தால் மறுக்க எவருமில்லை. ஆராய்ச்சியில் இத்தகைய மிகையைப் பெருங்குற்றமாக நான் எண்ணுவதில்லை.

இதற்கிடையே உலகம் திசைமாறிற்று. செயற்கை உரம் மலிந்தது, நகரங்கள் பெருத்தன, ஏரிகளிலும் ஆறுகளிலும் நைட்ரஜன் மிகுந்து பாசி மண்டத் தொடங்கியது. நேற்றுவரை இழப்பு என்று அழுதது இன்று வைத்தியமாயிற்று. வயலில் நைட்ரஜன் எப்படித் தப்பிப் போகிறது என்பதை 1940-களில் ஜப்பானியரான ஷியோயிரி தெளிவாக்கியிருந்தார்: மேல்தோலில் அமோனியா நைட்ரேட்டாகிறது, அது கீழே காற்றற்ற சேற்றுக்கு இறங்கியவுடன் சிதைந்து வாயுவாகிறது. கோயம்புத்தூரில் கண்ட அதே இரண்டு உலகங்கள். இதைக் கெடுப்பதற்காக, அமோனியா உரத்தைச் சேற்றுக்குள் ஆழப் புதைக்கச் சொன்னார்கள் விவசாயிகளிடம். சாக்கடைப் பொறியாளர்களோ அந்த இழப்பையே விரும்பி, மேலும் கீழுமாயிருந்த இரண்டு அடுக்குகளைப் பக்கம் பக்கமாக இரண்டு தொட்டிகளாக்கினார்கள். 1962-இல் அமெரிக்காவில் லுட்சாக், எட்டிங்கர் என்பவர்கள் வழிகாட்ட, 1970-களில் தென்னாப்பிரிக்காவின் ஜேம்ஸ் பர்னார்டு அதைச் செம்மைப்படுத்தினார். காற்றூதும் தொட்டியில் உண்டான நைட்ரேட்டை மறுபடியும் முன்னே கொண்டுபோய், காற்றில்லாத முதல் தொட்டியில், புதிதாக வரும் சாக்கடையோடு கலந்துவிடுகிறார்கள்; அங்கே நைட்ரேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாவுக்கு அந்தச் சாக்கடையின் அழுக்கே உணவாகிறது.

இதில் ஒரு கணக்கு உண்டு. 1 கிராம் அமோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க 4.57 கிராம் பிராணவாயு வேண்டும். அவ்வளவையும் மின்சாரம் கொண்டு ஊத வேண்டும். அந்த நைட்ரேட் சிதையும்போது 2.86 கிராம் பிராணவாயுவுக்கு ஈடான வேலையை அதுவே செய்துவிடுகிறது. பாதிக்கு மேல் திரும்பி வந்த கதை. இந்த ஊதற்செலவையும் குறைக்கும் உயிர் ஒன்று இருக்க வேண்டும், அமோனியாவையும் நைட்ரைட்டையும் நேரே ஒன்றுசேர்த்து நைட்ரஜனாக்குவது ரசாயன விதிப்படி கூடும் என்று 1977-இல் வியன்னாவில் ப்ரோடா தாளிலே கணக்கிட்டுச் சொல்லிவைத்தார். பிறகு ஹாலந்தில் ஓர் ஈஸ்ட் தொழிற்சாலையின் கழிவுத் தொட்டியில் அமோனியா காரணமின்றிக் காணாமற்போவதை முல்டர் கவனித்தார். டெல்ஃப்டில் கூனன், அவருக்குப் பின் யெட்டன் முதலியோர் அந்த உயிரைத் தேடிப்பிடித்தனர். இரட்டிப்பாக 11 நாள் எடுத்துக்கொள்ளும் சோம்பேறி. ராட்டர்டாமில் 2002-இல் நிறுவிய முதல் பெரிய தொட்டி முழுவேகம் பிடிக்க மூன்றரை ஆண்டாயிற்று. இதைப் பற்றி இவ்வளவு போதும்.

சுப்பிரமணியனோ இவற்றுக்கெல்லாம் முன்பே சாக்கடையை விட்டு வெகுதூரம் வந்துவிட்டார். பெங்களூரிலிருந்து 'நேச்சர்' பத்திரிகைக்குக் கடிதங்கள் போய்க்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், யுத்தத்தால் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோக, சேலத்தில் மாணிக்கம் செட்டியார் என்பவர் 1943-இல் போபட்லால் ஷாவின் துணையோடு குச்சிக்கிழங்கு மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தலைப்பட்டார். பஞ்ச காலத்துப் பதிலிப் பண்டமாகப் பிறந்த அந்தத் தொழில், சேலம் நாமக்கல் சமவெளியின் புன்செயையே மாற்றி அமைத்தது. 1950-இல் மைசூர்ச் செலுவாம்பா மாளிகையில் உணவு ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டு சுப்பிரமணியன் அதன் தலைமையேற்றபோது, அரிசிப் பஞ்சம் தீர அவர் கைவைத்த பொருள்களுள் ஒன்றும் இந்தக் கிழங்குதான். கிழங்கில் மாவுண்டு, புரதம் பெயரளவே. அதாவது நைட்ரஜன் இல்லை. ஆகவே நிலக்கடலைப் பிண்ணாக்கு மாவைச் சேர்த்து அரிசி உருவில் மணிமணியாகப் பிழிந்து, 'செயற்கை அரிசி' செய்தார். சேற்றில் நைட்ரஜனை எண்ணியவர், சாக்கடையில் நைட்ரஜனைத் தொடர்ந்தவர், இப்போது ஏழையின் தட்டில் நைட்ரஜனைச் சேர்த்தார் என்று சொன்னால் தவறாகாது. அந்த அரிசி மக்கள் நாவில் நிலைக்கவில்லை. ஆனால் மாவுப் பண்டத்தோடு பிண்ணாக்கைக் கலந்து ஊட்டும் அதே சூத்திரம் நாமக்கல்லின் கூண்டுக் கோழிகளிடம் குறைவறச் செல்லுபடியாகிறது. அவை மறுப்புச் சொல்வதில்லை. ஓய்வுக்குப் பின்னும் அவர் சும்மா இருக்கவில்லை: 1960-களின் பிற்பகுதியில், மழையில் நனைந்து களத்திலேயே முளைவிடும் குறுவை நெல்லைக் காக்கும் ஆராய்ச்சிக்காகத் திருவாரூருக்குப் போனார். முதலில் ஆராய்ந்ததும் நீர் தேங்கிய மண். கடைசியில் ஆராய்ந்ததும் நீர் ஏறிய நெல்.

முடிந்து வைத்த முடிச்சை இப்போது அவிழ்க்கலாம். நாமக்கல்லின் கோழிக்கு மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும் வேற்று மாநிலங்களிலிருந்து சரக்கு ரயிலிலும் லாரியிலும் வந்து இறங்குகின்றன. அவற்றோடு நைட்ரஜனும் வந்து இறங்குகிறது. முட்டையாகத் திரும்பிப் போவது ஒரு பங்கே. மிஞ்சியது கூண்டுக்கு அடியில் யூரிக் அமிலமாக விழுந்து குவிகிறது. உலர்ந்திருக்கும்வரை அது சாது. நனைந்தால் யூரியாவாகி அமோனியாவாகிக் கண்ணைக் கரிக்கிறது. வயலுக்குப் போய் நைட்ரேட்டானாலோ, நம் கருங்கற் பூமியின் மேலிருக்கும் மெல்லிய மண்ணால் அதைப் பிடித்து நிறுத்த முடிவதில்லை. மழையோடு பாறை வெடிப்புகளில் இறங்கிக் கிணற்றைச் சேர்ந்துவிடுகிறது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் ஆகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். சேலம், நாமக்கல் ஆகிய இரு மாவட்டங்களிலும் அந்த வரம்பை மீறிய கிணறுகள் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் ஆய்வுகளில் இடம்பெற்றிருக்கின்றன. கைக்குழந்தையின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிப்பது இதன் கொடிய விளைவு.

நைட்ரேட்டைச் சிதைக்கும் பாக்டீரியாவுக்கு உணவு வேண்டும் என்றேன். சாக்கடையின் அழுக்கு போதாதபோது மேல்நாட்டு நிலையங்களில் மெத்தனால் என்ற மரச்சாராயத்தை விலைக்கு வாங்கி ஊற்றுகிறார்கள். இங்கே சேகோ ஆலையின் வாய்க்காலில் அந்த உணவு கரைந்த மாவாகவும், புளித்த அமிலமாகவும், திப்பி எனப்படும் கிழங்குச் சக்கையின் சாறாகவும் விலையின்றி ஓடுகிறது. நைட்ரஜன் அதில் ஏறக்குறைய இல்லை என்பதே அதன் சிறப்பு. அடுப்பு ஓர் ஊரிலும் விறகு மற்றோர் ஊரிலுமாகக் கிடக்கிறது என்று பலமுறை எண்ணியிருக்கிறேன். எண்ணுவது சுலபம். குச்சிக்கிழங்கில் சயனைடு தரும் பொருள் ஒன்று உண்டு. அரைத்துக் கழுவும்போது அது நீரோடு வந்துவிடும். நைட்ரேட்டை உண்டாக்கும் அந்த விரதக்காரப் பாக்டீரியாவுக்குச் சயனைடு ஆகவே ஆகாது. கண்டதையும் உண்ணும் மற்றவற்றுள் சில அதைச் சிதைக்கவும் வல்லவை. ஆகவே எந்தத் தொட்டியில் எதை முதலில் விடுவது என்பதிலேயே எல்லாம் அடங்கியிருக்கிறது. மேலும் ஆலை ஓடுவது கிழங்கு வெட்டும் காலத்தில்; சாக்கடை ஓடுவது ஆண்டு முழுவதும். பல ஆலைகள் அந்தக் கழிவை மூடிய குட்டையில் தேக்கி எரிவாயு எடுக்கவும் தொடங்கிவிட்டன; விறகுக்கு வேறு கிராக்கி வந்துவிட்டது என்க.

சென்ற ஆடியில் பரமத்தி சாலையோரம் ஒரு குச்சிக்கிழங்குக் காட்டின் வரப்பில் லாரி ஒன்று கோழி எருவைக் கொட்டிவிட்டுப் போவதைப் பார்த்தேன். காட்டுக்காரர் அதைப் பரப்பாமல் குவியலாகவே விட்டிருந்தார். மழை வந்ததும் இறைத்து உழலாம் என்பது எண்ணம். மறுவாரம் அவ்வழியே வந்தபோதும் மழையில்லை. இடையில் ஒரு தூறல் மட்டும் போட்டிருக்க வேண்டும், குவியலின் தோல் கறுத்து வெடித்திருந்தது. கிட்டே போனேன், கண் எரிந்தது. "நெடி போயிருச்சுன்னா எரு பதமாயிருச்சுங்க, அப்புறம் போட்டா பயிர் கருகாது" என்றார் காட்டுக்காரர். அவர் சொன்னது சரியே. நெடியாகப் போய்க்கொண்டிருந்தது பிண்ணாக்கோடு ரயிலேறி வந்த நைட்ரஜன்.